புகை போடுமுன்: வெள்ளை சேஜ் இலை பற்றி ஓர் அறிமுகம்

சென்ற கோடையில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த அக்கா மகள், பெட்டியைத் திறந்ததும் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத கொத்து. காய்ந்த இலைகளை நெருக்கி அடுக்கி, வெள்ளைப் பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தார்கள். இலையின் நிறத்தைப் பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. திருநீற்றில் விழுந்து எழுந்த இலை போல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நீலகிரித் தைலமும் கற்பூரமும் கலந்த நெடி.

"சித்தி, அங்கே புது வீட்டுக்குப் போகிறவர்கள் பலர் இதைக் கொளுத்தி அறை அறையாகக் காட்டுகிறார்கள். கெட்டதெல்லாம் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குப் பதிலாக இதைப் போடலாமா?" என்று கேட்டாள்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது, கேட்டுவிட்டு நீயே முடிவு செய் என்றேன். இரண்டு மூன்று மாலைகளில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் நாட்டு இணையக் கடைகளிலும் இந்தக் கொத்து விற்பனைக்கு வந்துவிட்டது. இது என்ன செடி, எந்த மண்ணில் விளைகிறது, இதை முதலில் எரித்துப் புகை போட்டவர்கள் யார் என்பதைப் பொட்டலத்தின் மேல் யாரும் எழுதுவதில்லை.

முதலில் செடி

இதன் பெயர் வெள்ளை சேஜ். தாவரவியலில் சால்வியா அபியானா. நம் துளசி, தும்பை, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம். 'அபியானா' என்றால் தேனீக்களுக்கு உரியது என்று பொருள். பூக்கும் பருவத்தில் புதரைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்துக் கிடக்கும். தெற்குக் கலிஃபோர்னியாவின் குன்றுச் சரிவுகளிலும் அதை ஒட்டிய மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும்தான் இது தானாக வளர்கிறது. உலகத்திலேயே அதன் சொந்த ஊர் அவ்வளவுதான். மழை குறைவு, வெயில் அதிகம். இலையின் மேல் அடர்ந்திருக்கும் நுண்ணிய வெண்மயிர்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி ஈரத்தைக் காக்கின்றன. இலை வெளுத்துத் தெரிவது அதனால்தான். இலை எண்ணெயில் அதிகம் இருப்பது சினியோல் என்னும் பொருள். யூகலிப்டஸ் தைலத்துக்கு மணம் கொடுப்பதும் அதுவே. அந்த நெடி நமக்கு ஏற்கெனவே பழகியது போல் தோன்றுவதற்குக் காரணம் இது.

'சேஜ்' என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அதை இங்கேயே தீர்த்துவிடலாம். ஐரோப்பியச் சமையலில் இறைச்சியோடும் வெண்ணெயோடும் சேர்க்கும் சேஜ் வேறு செடி. அது மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது. வெள்ளை சேஜுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். சால்வியா என்ற பெயரே காப்பது, குணமாக்குவது என்ற பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்னொன்று, வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் லகோட்டா மக்கள் புகை போடுவது. ஆங்கிலத்தில் அதையும் சேஜ் என்றே சொல்கிறார்கள். ஆனால் அது சால்வியாவே இல்லை, ஆர்ட்டிமீசியா இனம். நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்து இருக்கிறதே, அதற்கும் மாசிபத்திரிக்கும் இது நெருங்கிய உறவு. கடையில் ஒரே பெயரில் விற்றாலும் இவை மூன்று செடிகள், மூன்று நிலங்கள்.

புகையில் கழுவுதல்

தெற்குக் கலிஃபோர்னியாவின் சுமாஷ், டோங்வா, கவியா, குமியாய் மக்களுக்கு வெள்ளை சேஜ் வெறும் புகை போடும் பொருள் மட்டும் அன்று. அதன் விதையை வறுத்து மாவாக்கி உண்டார்கள். சளிக்கும் தொண்டை வலிக்கும் இலையை மருந்தாக்கினார்கள். வழிபாட்டிலும் அது இருந்தது. ஒரே செடி அடுப்பங்கரையிலும் மருந்துப் பெட்டியிலும் பூசையிலும் இருப்பது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. நம் வீட்டு மஞ்சளும் அப்படித்தானே?

வட அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே செடியை ஒரே முறையில் எரிப்பதில்லை. சிலரிடம் இந்த வழக்கமே கிடையாது. கனடாவிலும் அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றியும் வாழும் அனிஷினாபே மக்கள் நான்கு மூலிகைகளைப் புனிதமாகக் கொள்கிறார்கள்: புகையிலை, சீடார், சேஜ், சுவீட்கிராஸ். இந்தச் சுவீட்கிராஸ் ஒரு நறும்புல். காய்ந்தால் வனிலா மணம் வீசும். அதை மூன்று கால் எடுத்துப் பின்னல் போட்டு வைப்பார்கள். பூமித்தாயின் கூந்தல் அது என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மாவின் தலைமுடியை வாரிப் பின்னுகிற அதே பரிவோடு புல்லையும் பின்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சேஜ் வேண்டாததை வெளியேற்றும், சுவீட்கிராஸ் நல்லதை உள்ளே அழைக்கும் என்பது சமவெளி மக்களிடம் பரவலாக வழங்கும் விளக்கம். வெளியேற்றிய பிறகு அழைக்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கிறது. கடைக்கொத்தோடு வரும் குறிப்புச் சீட்டுகளில் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் காண முடியாது.

இந்தச் சடங்குக்கு ஆங்கிலத்தில் 'ஸ்மட்ஜிங்' என்று பெயர். சொல் அவர்களுடையது அன்று. பூச்சியை விரட்டவும் தோட்டத்தைப் பனியிலிருந்து காக்கவும் போடும் புகைமூட்டத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த சொல். ஒவ்வொரு மக்களுக்கும் தங்கள் மொழியில் தனிச் சொல் உண்டு. ஒரு சடங்கு தன் பெயரையே வேற்றுமொழியில் சுமந்து திரிய நேர்ந்தது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

செய்யும் முறையைப் பார்ப்போம். பொதுவெளியில் அவர்களே விளக்கிச் சொல்லும் அளவுக்கு மட்டும். மண்சட்டியிலோ கல்கிண்ணத்திலோ பெரிய கடற்சிப்பியிலோ சில இலைகளை வைத்துப் பற்றவைக்கிறார்கள். தீ எழுந்ததும் அதை அணைத்துவிட்டுக் கனலை மட்டும் விடுகிறார்கள். வாயால் ஊதக் கூடாது என்று பல குடும்பங்களில் கண்டிப்பாகச் சொல்வார்கள். கையாலோ இறகாலோ விசிறுவார்கள். விளக்கை ஊதி அணைக்காதே என்று பாட்டி கையைப் பிடித்துத் தடுத்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பிறகு அந்தப் புகையில் கழுவிக்கொள்கிறார்கள். கழுவுதல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் தண்ணீரை ஏந்துவது போல் இரண்டு உள்ளங்கையாலும் புகையை ஏந்துகிறார்கள். முதலில் கைகளைக் கழுவுகிறார்கள். பிறகு தலைமேல் வழியவிடுகிறார்கள், நல்ல நினைப்பு வரட்டும் என்று. கண்ணுக்குக் காட்டுகிறார்கள், நல்லதைப் பார்க்கட்டும் என்று. காதுக்கு, நல்லதைக் கேட்கட்டும் என்று. வாய்க்கு, கனிவாகப் பேசட்டும் என்று. நெஞ்சுக்கு, பிறகு கால்வரைக்கும். ஆளைக் கழுவிய பிறகுதான் வீடு. கதவையோ சன்னலையோ திறந்து வைத்து, அறை அறையாக, மூலை மூலையாக, வேண்டுதல் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். சாவு நடந்த வீடு, நோயிலிருந்து மீண்டவர் இருக்கும் வீடு, சண்டை போட்டு மனம் கசந்த வீடு, கூட்டம் தொடங்கப் போகும் மண்டபம் எல்லாவற்றுக்கும் இது உண்டு.

இந்த வரிசையைக் கேட்டபோது என்னைத் தொட்டது ஒன்றுதான். அங்கே புகையால் துரத்தப்படுவது சுவரில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்று என்பதைவிட, அந்த வீட்டில் வாழ்கிறவருடைய கண்ணும் காதும் வாயும் செய்த பிழை என்பதே முதலில் வருகிறது. வீட்டைச் சுத்தம் செய்யும் சடங்கு என்று நாம் கடையில் வாங்கி வருவது, மூலத்தில் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சடங்கு. வீடு அதற்குப் பிறகுதான்.

தடை செய்யப்பட்ட புகை

1883-ல் அமெரிக்க அரசு 'இந்தியக் குற்றங்களின் சட்டத்தொகுப்பு' என்ற பெயரில் விதிகளைக் கொண்டுவந்தது. இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. சூரிய நடனம் முதலான சடங்குகள் குற்றம். மருத்துவமும் சடங்கும் நடத்தும் பூசாரிகள் தங்கள் தொழிலைச் செய்வது குற்றம். தண்டனை என்ன? ரேஷனை நிறுத்துவார்கள், சிறையில் அடைப்பார்கள். வேட்டை நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு அரசு தரும் ரேஷனை நம்பி, அரசு ஒதுக்கிய நிலங்களில் கிடந்தவர்களுக்கு ரேஷனை நிறுத்துவது என்றால் பட்டினி. கனடாவில் 1884-ல் போட்லாட்ச் என்னும் விழாவைத் தடை செய்து சட்டம் திருத்தினார்கள். அந்தத் தடை 1951 வரை நீடித்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, சொந்த மொழியைப் பேசினால் அடித்தார்கள். வழிபாட்டையும் மொழியையும் சேர்த்துப் பிடுங்கிய காலம் அது. சடங்கின் பெயர் வெளியுலகில் ஆங்கிலத்தில் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் பூர்வகுடிகளின் சமய உரிமையைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது 1978 ஆகஸ்டில்தான். நம்மில் பலர் பிறந்த பிறகு! இடைப்பட்ட காலத்தில் பாட்டிகளும் பாட்டன்களும் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதுதான் இன்று மிஞ்சியிருக்கிறது. இப்போதுகூட எதிர்ப்பு முழுதாக ஓய்ந்துவிடவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு பள்ளி வகுப்பில் இந்தப் புகைச் சடங்கைச் செய்து காட்டியது தங்கள் மத உரிமையைப் பாதிக்கிறது என்று ஒரு வழக்கு வந்தது. அந்த மாகாண உச்ச நீதிமன்றம் 2020-ல் அதைத் தள்ளுபடி செய்தது. சடங்கைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது ஒன்று, அதில் கட்டாயப்படுத்திச் சேர்ப்பது வேறு என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தப் பின்னணியோடு கடைத் தட்டைப் பாருங்கள். 1960, 70-களில் மாற்று வாழ்க்கை தேடிய அமெரிக்க வெள்ளையர் இளைஞர்கள் இந்தப் புகையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து யோகா கூடங்களுக்கும், அங்கிருந்து அழகுசாதனக் கடைகளுக்கும், பிறகு சமூக ஊடகங்களுக்கும் போயிற்று. 2018-ல் ஒரு நறுமணத் தயாரிப்பு நிறுவனம் வெள்ளை சேஜையும் குறி பார்க்கும் டாரட் சீட்டுகளையும் ஒரே 'சூனியக்காரிப் பெட்டி'யில் வைத்து விற்க முனைந்து, பூர்வகுடிகளும் மற்றவர்களும் எதிர்த்ததால் பின்வாங்கியது.

இது எவ்வளவு வலிக்கும் என்று நமக்கு விளங்கும், கொஞ்சம் நினைத்துப் பார்த்தால். திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் கதை நாம் அறிந்ததே. பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்து, எதிரே வந்த குங்கிலியப் பொதியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனவர். அவர் இட்ட புகையைச் சிறையில் போட்டுத் தடுத்துவிட்டு, நூறு ஆண்டு கழித்து அதையே 'கவலை போக்கும் அறை மணம்' என்று பெட்டியில் அடைத்து நம்மிடமே விற்றால் நமக்கு எப்படி இருக்கும்?

மலையிலிருந்து மூட்டை மூட்டையாக

செடிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, சான் பெர்னார்டினோ மாவட்டத்தில் வடக்கு எட்டிவாண்டா காப்பகம் என்று ஒரு மலையடிவாரம் இருக்கிறது. வெள்ளை சேஜ் அடர்ந்து வளரும் இடம். எடுப்பதற்கு அனுமதி இல்லை. 2018 ஜூனில் அங்கே நான்கு பேரைப் பிடித்தார்கள். அவர்களிடம் இருந்தது சுமார் 400 பவுண்டு வெள்ளை சேஜ், அதாவது ஏறத்தாழ 180 கிலோ. ஓர் இலையின் எடையை நினைத்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். கலிஃபோர்னியா நாட்டுத்தாவரச் சங்கம் இந்தத் திருட்டைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. கடைக்கு வருவதில் பெரும் பங்கு விளைவித்தது அன்று, காட்டிலிருந்து எடுத்தது என்கிறது அது. செடியைச் சாப்பிடும் உயிர்களும் தேன் எடுக்கும் ஈக்களும் அதே குன்றில்தான் வாழ்கின்றன. காட்டுத்தீயும் வறட்சியும் புது வீட்டுமனைகளும் ஏற்கெனவே அந்தக் குன்றுகளைச் சுருக்கிக்கொண்டிருக்கின்றன.

பூர்வகுடிகள் பறிக்கும் முறை வேறு. முதலில் செடியிடம் அனுமதி கேட்பார்கள், புகையிலைத் துணுக்கையோ வேறு ஒன்றையோ காணிக்கையாக வைப்பார்கள். ஒரு புதரில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம், வேண்டிய அளவு மட்டும். கொத்தாகக் கட்டி எரிப்பதே கடைக்காக வந்த வடிவம், எங்களுக்கு ஓரிரு இலை போதும் என்று கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகள் பலர் சொல்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கொத்தின் நூலை வெட்டினாள். வெளிச்சுற்றில் அழகான பெரிய இலைகள். உள்ளே போகப் போகத் தண்டு. நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு மரக்கட்டை, ஒரு பக்கம் சாய்வாக வெட்டுப்பட்டது. நுனிக் கொழுந்தைக் கிள்ளினால் இவ்வளவு தடித்த கட்டை வராது. கிளையை அடியோடு அறுத்திருக்கிறார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

94 சதவீதக் கதை

வெள்ளை சேஜ் புகை காற்றில் உள்ள கிருமிகளில் 94 சதவீதத்தைக் கொல்கிறது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்ற வரியை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். இந்த எண்ணின் பிறப்பிடம் கலிஃபோர்னியா இல்லை, நம் லக்னோ. அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூடிய அறையில் ஹோமப் பொருள்களையும் மாவிறகையும் எரித்து, காற்றிலுள்ள பாக்டீரியாக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். 94 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்பது முடிவு. அவர்கள் எரித்தது வேள்விக்குரிய பல மூலிகைகளின் கலவை. வெள்ளை சேஜைப் பற்றிய ஆய்வே அன்று அது. ஹோமப் புகைக்குக் கிடைத்த எண்ணை எடுத்துச் சேஜ் கொத்தின் மேல் ஒட்டி, அதை நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. எந்தப் புகையிலும் நுண்துகள் இருக்கிறது. இலையின் புனிதம் நுரையீரலுக்குத் தெரியாது. பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வரையறுத்தது. மூடிய அறையில் ஒரு கொத்து இலையைக் கனலவிட்டால் அந்த அளவை வெகு விரைவில் கடந்துவிடும். சாம்பிராணிக்கும் ஊதுவத்திக்கும் இது பொருந்தும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை, சன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு மணம் நிற்கட்டும் என்று தாராளமாகச் சாம்பிராணி போட்டேன். ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ள என் மாமனார் இரவு முழுவதும் உட்கார்ந்தே கழித்தார். மூன்று முறை மருந்தாவி வைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கதவைத் திறக்காமல் எங்கள் வீட்டில் புகை கிடையாது. பூர்வகுடிகளும் சன்னலைத் திறந்து வைத்தே புகை போடுகிறார்கள் என்பதைப் பிறகு படித்தபோது, அதில் இருந்த அறிவு எனக்கு விளங்கியது.

அப்படியென்றால் புகை ஏன் மனத்தை லேசாக்குகிறது? மணம் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் வழி மிகக் குறுகியது. நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டிய வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த மணம் வந்தாலே உடம்பு தளர்ந்து தூக்கம் வரும். லகோட்டாப் பாட்டியிடம் வளர்ந்தவருக்குச் சேஜ் அப்படி. வாங்கி வந்த மணத்தில் அந்த நினைவு இருக்காது. புதிதாக உண்டாக்கிக்கொள்ளலாம், அதற்குக் காலம் பிடிக்கும்.

மற்ற ஊர்களின் புகை

வீட்டைப் புகையால் தூய்மை செய்வது எந்த ஒரு மக்களுக்கும் மட்டும் சொந்தமில்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் புத்தாண்டுக் காலையில் 'செய்னிங்' என்று ஒன்று செய்வார்கள். ஜூனிப்பர் என்னும் புதர்மரத்தின் கிளைகளை முன்பே வெட்டிக் காயவைத்திருப்பார்கள். கதவு, சன்னல், சாவித்துளை, சின்ன விரிசல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கிளைகளைக் கொளுத்தி வீட்டுக்குள்ளும் மாட்டுத் தொழுவத்திலும் புகையை நிரப்புவார்கள். எல்லோரும் இருமித் தும்மிக் கண்ணீர் விட்ட பிறகே கதவைத் திறந்து புதிய ஆண்டின் காற்றை உள்ளே விடுவார்கள். பிறகு வீட்டுக்காரி ஆளுக்கொரு மடக்கு விஸ்கி ஊற்றிக் கொடுப்பாள். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் முடிந்த பன்னிரண்டு இரவுகளில் சாம்பிராணியும் மூலிகையும் கனலும் சட்டியை ஏந்தி வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிவருவது இன்றும் உண்டு.

சேஜுக்கு அடுத்தபடியாகக் கடைகளில் கிடைப்பது பாலோ சாந்தோ. 'புனித மரம்' என்று பொருள். ஈக்வடார், பெரு நாடுகளின் வறண்ட காட்டு மரம். தானாக விழுந்து, கிடந்து பழுத்த கட்டைதான் மணக்கும் என்பது அங்குள்ளவர்களின் வழக்கு. ஆகவே நிற்கும் மரத்தை வெட்டுவது மரபுக்கும் விரோதம், மணத்துக்கும் விரோதம். இந்த மரம் நம் ஊர் வேலியில் நிற்கும் கிளுவைக்கு உறவு. குந்துருக்கம் என்னும் நறும்பிசின் தரும் மரமும் அதே குடும்பம். அதே பெயரில் தென் அமெரிக்காவின் சாக்கோ பகுதியில் இன்னொரு மரமும் இருக்கிறது. அதன் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. வாங்குகிறவர் எந்த மரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சாம்பிராணியும் வெளியூர்தானே?

இந்தக் கேள்வியை அக்கா மகளே கேட்டாள். சரியான கேள்வி. நாம் சாம்பிராணி என்று சொல்லும் பிசினின் முக்கியமான வகை சுமத்ரா தீவிலிருந்து வருகிறது. அரபு வணிகர்கள் அதை 'ஜாவாக் குந்துருக்கம்' என்று பொருள்பட லுபான் ஜாவி என்றார்கள். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து ஐரோப்பாவில் 'பென்சாயின்' ஆயிற்று. அப்படியானால் சாம்பிராணியை எடுத்துக்கொண்ட நாம் சேஜையும் எடுத்துக்கொண்டால் என்ன?

எனக்குப் பட்ட வேறுபாடு இது. வட சுமத்ராவின் பாத்தாக் உழவர்கள் அந்த மரங்களைத் தோப்பாக வளர்க்கிறார்கள். பட்டையில் கீறுவார்கள், பிசின் வடிந்து இறுகும், சுரண்டி எடுப்பார்கள். மரம் அப்படியே நிற்கும், பல ஆண்டுகள் தரும். அவர்களே விளைவித்து விற்று, பல நூற்றாண்டுகளாகக் கப்பல் ஏறிச் செல்லும் சரக்கு அது. வெள்ளை சேஜை விற்பவர்களில் அந்த மண்ணின் மக்கள் மிகக் குறைவு. எங்கள் பூசைக்குரியதை விற்காதீர்கள் என்று அவர்களில் பலர் வாய்விட்டுச் சொல்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், வளர்த்து எரியுங்கள், மரியாதையோடு செய்தால் தடையில்லை என்று சொல்கிறவர்களும் அவர்களிலேயே உண்டு. ஒரே குரல் இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால், தோட்டத்தில் விளைந்ததா, யார் விளைவித்தது என்பதைச் சொல்லும் கடையில் வாங்குவதே குறைந்தபட்ச மரியாதை என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாத கடை எனக்கு வேண்டாம்.

நம் வீட்டில் செய்வதென்றால்

நம்மிடம் ஒரு குறையும் இல்லை. போரில் புண்பட்டு வந்த வீரனின் வீட்டில் இரவ இலையும் வேம்பும் செருகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவி, நறும்புகை இட்டுக் காத்ததைச் சங்கப் பாடல் சொல்கிறது. அந்த வேம்பும் வெண்கடுகும் இன்றும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கின்றன. வேப்பிலை, நொச்சி, குங்கிலியம், காய்ந்த துளசிக் காம்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் வீட்டைப் பெருக்கித் துடையுங்கள். தூசியின் மேல் புகை போட்டால் புகைபடிந்த தூசிதான் மிஞ்சும். எதிரெதிராக இரண்டு சன்னல்களைத் திறந்து வையுங்கள். கூண்டுப் பறவை இருந்தால் அதை வெளியே கொண்டுபோய்விடுங்கள், அதன் நுரையீரல் புகையைத் தாங்காது. கைக்குழந்தை, மூச்சிரைப்பு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் சிறிது நேரம் மாடியிலோ திண்ணையிலோ இருக்கட்டும். தூபக்காலில் அடுப்புக்கரியோ கொட்டாங்குச்சியோ நன்றாகக் கனன்று, மேலே சாம்பல் பூத்த பிறகு ஒரு சிட்டிகை தூவினால் போதும். கரி கருகருவென்று இருக்கும்போதே போட்டால் கண் எரியும். கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரியும் மணமூட்டியும்தான் பெரும்பகுதி. அவசரத்துக்கு உதவும், பழக்கமாக்க வேண்டாம். வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையாக நடங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மூச்சு நில்லுங்கள். என்ன வேண்டுகிறீர்கள் என்பதை வாய்விட்டோ மனத்துக்குள்ளோ சொல்லுங்கள். அவரவர் நம்பும் சாமி, அவரவர் சொல். பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். முடிந்ததும் கனலை மணலில் புதையுங்கள். இலைக்கொத்தாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. வெளியே அணைந்தது போல் தெரிந்தாலும் நடுவில் வெகுநேரம் கனன்றுகொண்டே இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பிராணிதான் போட்டோம். தூபக்காலை அக்கா மகள் ஏந்திக்கொண்டாள். அடுப்பங்கரைக்குள் போகும் முன் வாசற்படியில் நின்று, இடக்கையைக் குழித்துப் புகையை ஏந்தி முதலில் தன் வாயருகே கொண்டுபோனாள். முந்தின நாள் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தொலைபேசியில் பெரிய வாக்குவாதம். நூல் பிரித்த சேஜ் இலைகளை அதற்கு முன்பே துளசி மாடத்தின் அடியில், மண்ணைக் கிளறிப் புதைத்திருந்தோம். அந்தக் கட்டையை மட்டும் அவள் புதைக்கவிடவில்லை. ஒரு காகிதத்தில் சுற்றித் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கொத்து வாங்கிய கடைக்காரரிடம் அதைக் காட்டிக் கேட்க வேண்டுமாம்.